வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 9

நோவா அவர்களுக்கு,

பேழை கட்டப் போன புருஷனை வேறு எப்படி அழைப்பதாம்?

உங்கள் கடிதத்தை மரலாரி ஓட்டுநர் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். போனில் பேசினால் மூன்றாம் வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது, எழுதினால் கோபம் ஆறும் என்று சொன்னது நீங்கள். எனக்கு ஆறவில்லை. எழுத எழுத ஏறுகிறது.

உங்கள் முதலாளி வேதத்தின் முதல் அதிகாரங்களைப் பூங்காவாகக் கட்டுகிறார். ஏதேன் தோட்டம், நோவாவின் பேழை, பாபேல் கோபுரம். நல்லது. தச்சு வேலை முடிந்ததும் உங்களையே அங்கே பராமரிப்புக்கு வைத்துக்கொள்வார், குடியிருக்க வீடும் தருவார். அதுவும் நல்லது. அதற்குப் பிறகு எழுதியிருக்கிறீர்களே ஒரு வரி, "நீ வா, உன் தம்பி வேண்டாம்" என்று. அந்த வரியை மட்டும் நாலு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பேழையில் ஏறினவர்கள் எட்டுப் பேர். நோவா, அவர் மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். அந்த அம்மாளுக்கு வேதத்தில் பெயர்கூடக் கிடையாது. பெயர் போகட்டும், அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? மழை பிடித்ததும் வெளியே நின்று கதவைத் தட்டினவர்களில் அவள் தம்பியும் இருந்தானா? ஞாயிறு வகுப்பில் சின்ன வயதிலேயே இதைக் கேட்டேன். "ஒட்டகத்துக்குக் கலர் அடி" என்று டீச்சர் தாளைக் கையில் கொடுத்துவிட்டார்.

அம்மா போனபோது அவனுக்கு மூன்று வயது. நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். குடிக்கிறான், தெரியும். நேற்றும் குடித்தான். நீங்கள் புறப்பட்ட அன்று காலை அவன் அறைக் கதவுக்கு வெளியே ஒரு தாழ்ப்பாளை அடித்துவிட்டு, "நீ வேலைக்குப் போறப்ப போட்டுட்டுப் போ, ஊர் சுத்தாம கிடப்பான்" என்றீர்கள். அவன் விழுந்து கிடக்கிற நாட்களில் போட்டுவிட்டுத்தான் போகிறேன். அந்த இரும்புச் சத்தம், கால்வாய்த் தண்ணீரை இறைக்கிற பம்பு நிலையத்துக்கு வேலைக்குப் போன பிறகும் காதில் இருக்கிறது.

மழை இன்னும் இறங்கவில்லை. அதற்குள் கால்வாயில் ஊர்க் குப்பை முழுவதும் இறங்கிவிட்டது.

பம்புக்காரி

---

ஜூன் 16

பம்புக்காரிக்கு,

நீ எழுதினதைப் படித்துவிட்டு இழைப்புளியைப் பிடித்தால் மரம் கோணலாகப் போகிறது. பிடித்த இழைப்புளியும் என்னுடையது இல்லை, முதலாளி வாங்கிக் கொடுத்தது. என்னுடையது எங்கே என்று உனக்குத் தெரியும். அப்பா கையில் முப்பது வருஷம் தேய்ந்த இரண்டு இழைப்புளி. உன் தம்பி ஒரு சாயங்காலம் தூக்கிக்கொண்டு போய் ஒரு பாட்டிலாக மாற்றிக்கொண்டு வந்தான். மறுநாள் என் காலில் விழுந்து அழுதான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. அவன் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றின கைக்காரன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கை இப்போது தேநீர்க் குவளையையே சிந்தாமல் தூக்காது. இன்னும் எத்தனை நாள் நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

இங்கே கூத்துக்குக் குறைவில்லை. தோட்டத்து மரத்தில் ஆப்பிள் தொங்க வேண்டும் என்கிறார் முதலாளி. "வேதத்துல பழம்னுதான் இருக்கு, என்ன பழம்னு சொல்லலையே" என்றான் பெயின்டர். "ஜனங்களுக்கு ஆப்பிள்னாதான் பாவம்னு புரியும்" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். கோபுர வேலைக்கு ஏழெட்டு நாட்டு ஆட்கள். ஒருவன் பேச்சு ஒருவனுக்குப் புரியாது, வசவு மட்டும் எல்லோருக்கும் புரிகிறது. பாதியில் நிறுத்த வேண்டிய கோபுரம்தானே, அது குறித்த நேரத்தில் முடிந்துவிடும் போலிருக்கிறது.

என் வேலை பேழையின் கதவு. எல்லோரும் ஏறின பிறகு கர்த்தரே கதவை அடைத்தார் என்று வேதத்தில் இருக்கிறது இல்லையா? அதனால் மனிதக் கை படாமல் கதவு அடைபட வேண்டும், உள்ளே பிடி, கொக்கி எதுவும் இருக்கக் கூடாது என்று முதலாளி ஒரே பிடியாக நின்றார். நானும் மண்டையை உடைத்துக்கொண்டு வழி கண்டுபிடித்தேன். வெளியே ஒரு கனத்த குறுக்குக்கட்டை, ஒரு முனையில் அச்சு. கதவு வந்து நிலையில் மோதினால் கட்டை தானாகவே சரிந்து கொக்கியில் விழும். முதல் முறை விழுந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கே மெய் சிலிர்த்தது.

நோவாவின் மனைவிக்குத் தம்பி இருந்தானா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அவன் நோவாவின் உளியை எடுத்துப் போயிருப்பான், பேழையே முடிந்திருக்காது. எனக்கு வயதாகிறது. நிம்மதியாக ஒரு வீட்டில் நானும் நீயும் இருக்க வேண்டும் என்று கேட்பது பாவமா? மாதக் கடைசிக்குள் பதில் சொல்.

தச்சன்

---

ஜூன் 24

நோவா அவர்களுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக விட்டு விட்டு அடிக்கிறது. நிலையத்தில் இரண்டு மோட்டார்களில் ஒன்று கழற்றிப் போட்டபடி கிடக்கிறது. உதவிக்கு இருந்தவர் விடுப்பில் போய்விட்டார். ஓடுகிற ஒன்றுக்கு முன்னால் நின்று, வலையில் வந்து அடைகிற பிளாஸ்டிக் பைகளை நானே பல் வைத்த நீள வாருகோலால் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் விட்டால் போதும், வலை அடைத்துக்கொள்ளும், மோட்டார் மூச்சு முட்டி நின்றுவிடும். நின்றால் நம் தெருவுக்கும் கீழே இருக்கிற தையல்காரம்மா வீட்டுக்குத்தான் முதலில் தண்ணீர் போகும்.

உங்கள் கடிதம் படித்த பிறகு வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு தொடர்ந்து படித்தேன். உங்கள் முதலாளியின் பூங்கா வானவில்லோடு முடிகிறதாமே, ஓட்டுநர் அண்ணன் சொன்னார். அடுத்த பக்கத்தை ஏன் கட்டவில்லை? வெள்ளம் வடிந்ததும் நோவா என்ன செய்தார்? திராட்சைத் தோட்டம் போட்டார். ரசம் குடித்தார். வெறித்துப்போய்க் கூடாரத்துக்குள் துணி விலகிக் கிடந்தார். உலகத்திலேயே நீ ஒருவன்தான் நல்லவன் என்று கர்த்தர் பொறுக்கியெடுத்த ஆள்! அவரை யாராவது வெளியே வைத்துக் கதவை அடைத்தார்களா?

இரண்டு மகன்கள் ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போய், அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் போர்த்தினார்கள். அதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். குடித்துக் கிடக்கிறவனை எத்தனை தடவை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்த்தியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பதில் கேட்டீர்கள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். அவனை விட்டுவிட்டு நான் வரமாட்டேன். ஆனால் நீங்கள் இல்லாத வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை. சோற்றை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் உண்மை, என்ன செய்ய?

பம்புக்காரி

---

ஜூலை 1

பம்புக்காரிக்கு,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடு. நாலு திருகாணிதான். ஸ்குரு டிரைவர் ஜன்னல் மாடத்தில் இருக்கிறது. இதைப் படித்த கையோடு செய்.

நேற்று முதலாளியும் பெயின்டரும் நானும் பேழைக்குள் போனோம். சுவர் வர்ணம் பார்க்க. ஒரு காற்று அடித்தது. கதவு வந்து நிலையில் மோதியது. வெளியே கட்டை சரிந்து கொக்கியில் விழுகிற சத்தம் கேட்டது. என் கையால் செய்த சத்தம்.

ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் ஏணி போட்டாலும் எட்டாத உயரத்தில். போன் மூன்றும் வெளியே மேசையில். கத்தினோம். கோபுரத்துப் பக்கம் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தன் கிட்டே வந்தான், என்னவோ கேட்டான், அவன் மொழி எங்களுக்குப் புரியவில்லை, எங்கள் மொழி அவனுக்குப் புரியவில்லை, போய்விட்டான். பெயின்டர் முதலில் சிரித்தான், அப்புறம் வாந்தி எடுத்தான். முதலாளி ஜெபம் பண்ணினார். நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "உள்ள ஒரு பிடிகூடவா வைக்கலை?" என்று கேட்டார். கேட்டாரே!

நான் தட்டிக்கொண்டே இருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. கை வீங்கியிருக்கிறது. தட்டத் தட்ட, இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. தாழ்ப்பாள் அடித்த அன்று சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அவன் உள்ளேதான் இருந்தான். "அத்தான், நான் உள்ள இருக்கேன்" என்று இரண்டு தட்டு தட்டினான். மெதுவாகத்தான் தட்டினான். நான் சரிபார்த்துவிட்டுத்தான் திறந்தேன்.

கடைசியில் ஓட்டுநர் அண்ணன் பலகை இறக்க வந்து கட்டையைத் தூக்கினார். வெளியே வந்ததும் முதலாளி முகம் துடைத்துக்கொண்டு, "இதுதான் அனுபவம்! ஜனங்களும் இப்படிப் பயப்படணும். கதவு இப்படியே இருக்கட்டும்" என்கிறார். அந்த மனிதரை என்ன சொல்ல?

உன் போன் நேற்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. அங்கே மழை பலம் என்கிறார்கள். பாலத்தை மூடிவிட்டதால் லாரி போகாது, பஸ்ஸும் கிடையாது. திறந்தவுடன் இந்தக் கடிதத்தை எப்படியாவது சேர்த்துவிடுவதாக அண்ணன் சொல்கிறார். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கழற்றிவிட்டாயா?

தச்சன்

---

ஜூலை 8

உங்களுக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. அதற்கு முன்னாலேயே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். எப்படிக் கழற்றினேன் என்று சொல்கிறேன். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம், முதலில் அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஜூலை இரண்டாம் தேதி அவன் காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்து கட்டிலில் விழுந்தான். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன். மதியம் கால்வாய் கரை தாண்டியது. வாருகோலைப் போட்டு இழுக்க இழுக்க வலையில் குப்பை வந்து அடைந்துகொண்டே இருந்தது. தெருமுனையில் முழங்கால் தண்ணீர். பிறகு தொடையளவு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் உள்ளே. நான் வெளியே.

என் போன் மழையில் நனைந்து முன்னமே செத்துப்போயிருந்தது, அலுவலகத்துக்கு நிலையத்துப் போனில் சொன்னேன். "மாத்து ஆள் வர்ற வரைக்கும் எடத்த விட்டு நகராதேம்மா, நீ நகந்தா ஒரு தெருவே போயிடும்" என்றார் மேற்பார்வையாளர். அவர் சொன்னது சரி. நான் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு கை வாருகோலில், ஒரு கை வாசல் கதவில். பிறகு வாருகோலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தமே இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்லை.  தாழ்ப்பாள் அசையவில்லை, கதவு உப்பிப்போய் இறுக்கிக்கொண்டிருந்தது. நீங்கள் அடித்தது ஆயிற்றே, உறுதிக்குக் குறைவா? அம்மிக்குழவியை எடுத்து அடித்தேன். திறந்தது.

கட்டிலின் மேல் நிற்கிறான். நீங்கள் விட்டுப்போன பழைய உளிப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஏன்டா தட்டவில்லை, வாயையாவது திறக்கக் கூடாதா என்று கத்தினேன். "தட்டுனா பெட்டி விழுந்துரும்க்கா. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டையும் போயிருச்சு. இதையும் தண்ணி கொண்டு போச்சுன்னா, நான் குடிச்சிட்டேன்னுதான் அத்தான் சொல்வாரு" என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது. அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் இரண்டும் செய்தேன்.

அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பம்ப யாரு பாத்துக்கிறா?" என்று கேட்டான்.  இரண்டு பேரும் காதைக் கொடுத்தோம். நம் வீட்டிலிருந்து கேட்கிற மோட்டார் இரைச்சல் இல்லை. "நின்னு போச்சுக்கா" என்றான்.

பெட்டியைப் பரணில் போட்டுவிட்டு இரண்டு பேரும் தண்ணீரில் நடந்து நிலையத்துக்குப் போனோம். அவன் வாருகோலை எடுத்தான், நான் மோட்டாரை மறுபடி ஓட்டினேன். ஓடியது. ஆனால் அதற்குள் தையல்காரம்மா வீட்டில் மிஷின்கள் எல்லாம் மூழ்கிவிட்டன. அவர்களும் பிள்ளைகளும் மாடியில் ஏறித் தப்பித்தார்கள். அந்தம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அலுவலகம் கேட்டிருக்கிறது, விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி.

நோவாவின் மனைவிக்காக வழக்குப் பேசினவள் நான். கடைசியில் என்ன செய்தேன்? என் ஆளைத் தூக்கினேன், தெருவை விட்டேன். மறுபடி அதே நிலை வந்தால் மறுபடியும் ஓடுவேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சாண், முழம் என்று அளந்து பேசினதெல்லாம் போதும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன?

தம்பி தையல்காரம்மாவின் மிஷின் மோட்டார்களை வெயிலில் பிரித்துப் போட்டுக் காய வைத்துக்கொண்டிருக்கிறான். கை நடுங்குகிறது, ஆனாலும் செய்கிறான். திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். நேற்றுச் சாயங்காலம் மறுபடி குடித்தான்.

உங்கள் தாழ்ப்பாளை இத்துடன் துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் வளைந்திருக்கிறது. இனி என் வீட்டில் இது வேண்டாம். நீங்கள் செய்தது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்

---

ஜூலை 14

என் பம்புக்காரிக்கு,

பொட்டலத்தைப் பிரித்ததும் அந்த இரும்பில் இன்னும் சேறு இருந்தது. நான் கழுவவில்லை. பேழைக்குள் போய் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். கதவுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நீ வேலையை விட்டுவிட்டு ஓடினதற்கு நான் அல்லவா விளக்கம் எழுத வேண்டும்? தாழ்ப்பாளை அடித்தவன் நான். உன் அலுவலகத்தில் அப்படிச் சொல்ல இடமிருந்தால் சொல், நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். கதவில் ஒரு பிளவு வெட்டி, நீ அனுப்பின தாழ்ப்பாளின் தண்டை அதில் செலுத்தி, உள்ளேயிருந்து அழுத்தினால் வெளியே குறுக்குக்கட்டை எழும்புகிற மாதிரி நெம்புகோலாகப் பொருத்தினேன். வளைந்திருந்தது நல்லதாகப் போயிற்று, வளைவுதான் கட்டைக்கு அடியில் சரியாக உட்கார்ந்தது. முதலாளி வந்து பார்த்தார். "வேதத்துல இல்லாதத ஏன்யா வைக்கிற?" என்றார். "கர்த்தர் அடைச்சாருன்னா அவருக்குத் தொறக்கவும் தெரியும். நமக்குத் தெரியலையே. வேண்டாம்னா கதவையே கழட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன். அவர் வெகுநேரம் தண்டை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு பெயின்டரைக் கூப்பிட்டு, மர நிறத்தில் அதன்மேல் வர்ணம் அடிக்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவினால் கிடைக்கும். பெயின்டர் பெரிய ஆள், அதற்குப் பக்கத்தில் வர்ணத்திலேயே ஒரு புறாவை உட்கார வைத்திருக்கிறான், அது அந்தத் தண்டைப் பார்க்கிற மாதிரி.

குடியிருப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவின் இழைப்புளிக்கான கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. போகும் என்று பொய் சொல்லமாட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக நடந்து போய்ப் போர்த்துகிற குணம் எனக்கு வராது. நான் முகத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டேதான் போர்த்துவேன். ஆனால் போர்த்துவேன். உன்னைப் பார்க்காமல் எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை லாரியில் பலகைகளோடு நானும் ஏறுகிறேன். தையல்காரம்மாவுக்கு மேசைகள் ஊறிப் பிளந்திருக்கும், அவற்றுக்கு நல்ல பலகை கொண்டுவருகிறேன். இன்னும் ஒரு சாமான் செய்து வைத்திருக்கிறேன். வந்து சொல்கிறேன்.

தச்சன்

---

ஜூலை 17

உங்களுக்கு,

ஓட்டுநர் அண்ணன் இன்றே திரும்புகிறார், அவசரமாக எழுதுகிறேன். அந்தச் சாமான் என்ன என்று அவரே உளறிவிட்டார். தேக்கில் ஒரு சின்னத் தாழ்ப்பாள், முனை மழுக்கி, சீவிச் சீவி மூன்று நாள் செய்தீர்களாம், எங்கே பொருத்த என்பதையும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நீங்கள் வருகிறீர்கள் என்று தம்பியிடம் சொன்னேன். காலை நேரம், தெளிவாக இருந்தான். மிஷின் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் கையைத் துடைத்தான்.

"அத்தான் வந்தா நான் எங்கக்கா போறது?" என்று கேட்டான்.

"எங்கயும் போக வேணாம். உன் ரூம்லதான் இருக்கப் போறே. அதுக்குத்தான் தாழ்ப்பாள் கொண்டு வர்றாரு" என்றேன்.

அவன் முகம் செத்துவிட்டது. எழுந்து போய் அந்தக் கதவின் வெளிப்பக்கம், பழைய திருகாணித் துளைகள் இருக்கிற இடத்தைத் தொட்டான். "இங்கயா?" என்றான்.

நான் அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்தி, அந்தக் கையை உள்பக்கப் பலகையில், எட்டுகிற உயரத்தில் வைத்தேன்.

"இங்கடா" என்றேன்.

பம்புக்காரி